முதலில் தாடி

ஏலத்தில் எடுத்த பிராகா லாரி.
ஆறு சக்கரம். கூரைக்குக் கித்தான் இல்லை.
இடப்பக்கக் கதவு, முழங்கையால் இடித்தால்தான் திறக்கும்.
நாற்பத்தெட்டுத் தேன்பெட்டிகளை
ஜூனில் லிண்டன் பூக்கும் சரிவுக்கு ஏற்றிப்போக
யெசெனிக் பக்கம் இதைவிட மலிவாய் எதுவும் கிடைக்கவில்லை.

கதவோரம் கத்தியால் ஒரு கீறல் போட்டேன்.
பச்சை. அதன்கீழ் இன்னொரு பச்சை.
அதன்கீழ் சாம்பல்.
அடியில், இரும்பை ஒட்டி, செந்தூரம்.
இராணுவம் எதையும் சுரண்டுவதில்லை,
மேலுக்குமேல் பூசி மெழுகும்.

கடையில் விற்கும் சோதனைக் குச்சி
ஈயம் பட்டால் சிவக்குமாம்.
சிவப்புப் பெயிண்டில் எது சிவக்காது?
நகக்கண் அளவு சில்லு ஒன்றைப் பொட்டலம் கட்டி
ஓலமோட்ஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.
ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது, ஒரே ஒரு எண்ணோடு.
ஹினெக் அதற்குள் கையில் உப்புத்தாளோடு நின்றான்.
"கீழே வை" என்றேன்.

உலரத் தேய்த்தால் தூள் நுரையீரலுக்குப் போகும்.
தீயில் வாட்டினால் புகையாய்ப் போகும்.
ஈரமாக, பொறுமையாக, வாயை மூடிக்கொண்டு.
அவ்வளவுதான் வழி.

வாயை மூடுவதில்தான் சிக்கல்.
வடிகட்டி இரண்டையும் உள்ளங்கையால் பொத்தி
மூச்சை இழுத்தால் முகமூடி முகத்தோடு ஒட்டவேண்டும்.
எனக்கு ஒட்டியது.
அவனுக்கு தாடிக்குள் எங்கோ
சைக்கிள் டியூப் மாதிரி காற்று சீறியது.
மூன்று முறை பார்த்தான். பட்டையை இறுக்கினான்.
பிறகு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனான்.

நாற்பது நிமிடம்.
வந்தது யாரென்று நாய்க்குக்கூட ஒரு கணம் தெரியவில்லை.
இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் படுத்த எனக்கு
அந்த மோவாய் புதிது,
அதன் இடப்பக்கம்
கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளைத் தழும்பு.

"பின்கதவு" என்றான்.
"எந்தப் பின்கதவு?"
மழித்த மோவாயாலேயே லாரியைக் காட்டினான்.
"இதில்லை. இதே ஜாதி.
பத்தொன்பது வயசு. சங்கிலி நழுவியது.
எல்லாரும் சிரித்தார்கள்."
முகமூடியை மாட்டிக்கொண்டான்.
இம்முறை ஒட்டியது.
அதற்குமேல் பேச வழியில்லை.

கொட்டகைத் தரையில் தார்ப்பாய், அதன்மேல் இன்னொன்று.
வாசல் இரண்டையும் திறந்துவைத்தோம், மருந்தின் நெடிக்கு.
க்வேட்டா வீட்டுக் கோழிகளை அடைக்கச் சொன்னேன்,
குழந்தைகளையும்.
பசையை அப்பி பிளாஸ்டிக் தாள் சுற்றினால்
வெயில் நாளில் மூன்று மணி நேரம்,
ஏப்ரல் குளிரில் ஒரு ராத்திரி.
காலையில் பெயிண்ட் பாலாடையாய்ச் சுருங்கிக் கிடக்கும்.
தண்ணீர் தெளி. வழி. பையில் போடு.
தெளி. வழி.

இரண்டாம் பச்சைக்குள் ஒரு கொசு,
இறக்கை விரித்தபடி.
ஏதோ ஒரு கோடையில் ஈரத்தில் வந்து உட்கார்ந்தது.
பிரஷ் பிடித்த பையன்
அதைத் தட்டிவிடாமல் மேலேயே இழுத்திருக்கிறான்.

சாம்பலுக்கு அடியில் ஒரு எண் தெரிந்தது.
ஹினெக்கின் கை நின்றது.
குனிந்து படித்தான். மறுபடி படித்தான்.
நான் கேட்கவில்லை.
இல்லை என்று தலையாட்டினான்.
தண்ணீர் தெளித்தான்.

சாயங்காலம் வாசலிலேயே உடை களைந்து
உள்ளாடையோடு குளியலறைக்கு ஓட்டம்.
க்வேட்டா ஜன்னலில் இருந்தாள். இருக்கட்டும்.
நகம், காது மடல், மூக்கு, எல்லாம் சோப்பு.
அதன்பிறகுதான் ரொட்டி.

பதினேழு நாள்.
நகராட்சிக் கிடங்கில் பைகளை எடைபோட்டார்கள்:
முப்பத்தொரு கிலோ நானூறு.
"எதன் பெயிண்ட்?" என்றார் எழுத்தர்.
"லாரி."
எழுதிக்கொண்டார்.

மே கடைசியில் ரத்தம் கொடுத்தோம். இரண்டு பேருக்கும் பரவாயில்லை.
லாரி இப்போது மஞ்சள்.
தேனீக்களுக்கு அது பொருட்டே இல்லை,
கதவை இன்னும் முழங்கையால்தான் திறக்கிறோம்.

அவன் மோவாயில் முளைக்கத் தொடங்கிவிட்டது,
இம்முறை வெள்ளையாய், முதல் பூச்சு மாதிரி.
"விடட்டுமா?" என்கிறான் கண்ணாடியைப் பார்த்து.
ரேஸரை நான் இன்னும்
உள்ளே எடுத்துவைக்கவில்லை.